தகுதி என்கிற முற்பிறவிப் பலன்

‘விளையாட்டுல போயி இன்னாய்யா சாதி?’ என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீக்கடையில் இன்னா சாதி, சுடுகாட்டில் இன்னா சாதி என்று கேட்ட அதே வாய்கள்தாம் இவை. சாதி எங்கே இல்லையென்று அடித்துச் சொல்லப்படுகிறதோ, அங்கே அது ‘விதிமுறை’ என்ற பெயரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கூத்தையும் சினிமாவையும் பிரதியாக வாசித்துப் பழகிய நாம், இணையத்தில் பலர் கூடி ஆடும் மாயாசால வேடமேற்பு விளையாட்டுகளை மட்டும் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

நான் எடுத்துக்கொள்வது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்’ என்ற விளையாட்டை. 2006இல் வந்தது. இதன் மூலம், 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய மேசை விளையாட்டு. இணையத்தில் ஆறு பேர் ஒரு குழு. ‘ரெய்டு’ எனும் பெரிய படையெடுப்புக்குப் பன்னிரண்டு பேர். ஆட வருகிறவர் முதலில் தனக்கொரு ஆளை உண்டாக்க வேண்டும். இனம், தொழில், பிறகு பலம், லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு குணங்களுக்கு எண்கள். இந்தக் கணக்குக்குத்தான் ‘பில்டு’ என்று பெயர்.

இங்கேயே ஆரம்பிக்கிறது வில்லங்கம். ‘பாதி ஓர்க்’ இனத்தைத் தேர்ந்தால் பலத்தில் இரண்டு கூடும். அறிவில் இரண்டு, வசீகரத்தில் இரண்டு குறையும். அவர் இன்னும் வாயே திறக்கவில்லை, ஓரடி எடுத்துவைக்கவில்லை, பிறப்பே கழித்துவிட்டது. மேசை விளையாட்டின் 1978ஆம் வருட விதிநூலிலோ, பெண் பாத்திரம் இவ்வளவு பலத்துக்கு மேல் போகக்கூடாது என்றே வரம்பு கட்டியிருந்தார்கள். இதை எழுதியவர்கள் மனுவைப் படித்துவிட்டு எழுதவில்லை. ஆனால் ‘உடம்பு முரடு, புத்தி மட்டு’ என்கிற வாசகத்தை நம் தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர்த் தெருவில் அது பாராட்டாகவே சொல்லப்படும். ‘சேரிப் பையன், நல்லா உழைப்பான்’. அதனால் நம்மில் சிலர் ஓர்க்கைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும் எனக்கு உவப்பில்லை. எதிரி வரைந்த படத்துக்கு நாமே சட்டம் போட்டு மாட்டுவதாகத்தான் அது முடியும்.

இதைவிட ஆழமான விசயம், 2010இல் இந்த விளையாட்டில் கொண்டுவந்த ‘மறுபிறவி’. உச்சநிலையை எட்டியவர் தன் ஆளை மறுபடி முதல் படியில் பிறக்கவைக்கலாம். முற்பிறவியின் பலன் கூடவே வரும். ஒரே தொழிலில் மூன்று பிறவி எடுத்தால் பலனும் மும்மடங்கு. சாதாரணமாகப் புதிதாய் வருபவருக்குக் குணங்களில் செலவழிக்க 28 புள்ளி. ஒரு பிறவி கழித்தவருக்கு 34. இரண்டு கழித்தவருக்கு 36. மறுபிறவிக்குத் தேவைப்படும் மரத்தாலான இதயத்தை ஆடியும் சம்பாதிக்கலாம், விளையாட்டின் கடையில் காசு கொடுத்தும் வாங்கலாம். கர்மக் கொள்கையின் ரகசியத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன இன்னொரு பிரதியை நான் பார்த்ததில்லை! முற்பிறவி வினைதான் இப்பிறவியின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது பௌத்தத்துக்கு ஒவ்வாதது என்று ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அவர் மறுத்த அதே கணக்கை இங்கே கூட்டல் குறி போட்டு எழுதியிருக்கிறார்கள்.

பத்துப் பிறவி பலனோடு வருகிறவரைப் பார்த்து ‘இவர் சலுகையில் வந்தவர்’ என்று குழுவில் யாரும் சொல்வதில்லை. ‘திறமைசாலி’ என்கிறார்கள். 28 புள்ளியோடு வந்து திணறும் புதியவர்தான் ‘தேறாதவர்’. நம் கல்லூரிகளில் நடப்பதும் இதுதானே? மூன்று தலைமுறைப் படிப்பு, நிலம், வீட்டில் புத்தக அலமாரி, மாமாவுக்கு உத்தியோகம். இத்தனை முற்பிறவிப் பலனோடு வருகிறவனுக்குப் பெயர் ‘மெரிட்’. பீங்கான் சூளையில் கூலி வேலை செய்கிறவரின் மகள் முதல் தலைமுறையாய் உள்ளே வந்தால் அவளுக்குப் பெயர் ‘கோட்டா’. விளையாட்டிலாவது 36 என்கிற எண் கண்ணுக்குத் தெரிகிறது. வாழ்க்கையில் அதை மறைத்துவைப்பதற்கே ‘தகுதி’ என்ற சொல் பயன்படுகிறது.

ஆனால் எந்தப் பிரதியும் முழுக்க அதிகாரத்தின் கையில் இருப்பதில்லை. இதே விளையாட்டில் ‘வார்ஃபோர்ஜ்ட்’ என்றொரு இனம் உண்டு. மரமும் உலோகமும் கல்லும் சேர்த்துப் போருக்கென்றே வார்க்கப்பட்டவர்கள்; போர் முடிந்து விடுதலை கிடைத்த பிறகும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவர்கள். மருத்துவம் செய்யும் பாத்திரங்களின் மந்திரம் இவர்களுக்குப் பாதிதான் பலிக்கும். பெரிய குழுவில் இவர்கள் சுமை. இந்த இனத்தில் மந்திரவாதத் தொழிலை எடுத்தால், தன் காயத்தைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் மந்திரம் கைவரும். அப்புறம் யார் தயவும் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கான படையெடுப்பை மூன்று நான்கு பேராகப் போய் முடிக்கிற சிறு குழுக்களில், இப்படித் தன்காலில் நிற்கிறவர்களுக்கே மதிப்பு. ‘உனக்கு நீயே வைத்தியன்’ என்பது அந்தக் குழுக்களின் அழைப்பு வாசகம்.

இன்னொன்று, கலப்பு. ஒருவர் மூன்று தொழில்கள் வரை கலக்கலாம். ‘சுத்தமான’ பில்டுதான் சிறந்தது என்று சொல்கிற ஆசாமிகள் இங்கேயும் உண்டு. பெரிய குழுவில் அது செல்லும். அடிவாங்க ஒருவர், ஆற்ற ஒருவர், அடிக்க ஒருவர் என்று வருணம் பிரித்து நிற்கலாம். நாலு பேராகப் போனால் கதை வேறு. எல்லாரும் எல்லாம் செய்தாக வேண்டும், கலப்பாளிதான் பிழைப்பார். அங்கேயும் ஒரு வேலி போட்டார்கள்: ‘பாலடின்’ என்னும் புனித வீரனும் ‘பார்பேரியன்’ என்னும் காட்டு வீரனும் ஒரே உடம்பில் கலக்கக்கூடாது. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் பயப்படுகிற வருணக் கலப்பு ஞாபகம் வருகிறதா?

திரையில் கலப்பு ஒரு வியூகம். எங்கள் மண்ணில் அதற்கு வேறு விலை. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், 2003 சூலையில், பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும் அவரை மணந்த கண்ணகியும் விசம் கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2021இல். உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025இல். முருகேசன் பட்டத்தைச் சம்பாதித்தார், வேலைக்கான தகுதியைச் சம்பாதித்தார். பிறப்பின் கழித்தல் குறியை எந்தப் பட்டமும் அழிக்கவில்லை. பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு விளங்கும்: அச்சிலிருந்து எடுத்த மண் காய்ந்தாலும் மறுபடி நீரில் கரைத்து வேறு அச்சில் ஊற்றலாம், சூளையில் சுட்டதைக் கரைக்க முடியாது. சாதி நம்மைச் சுட்டுவிட்ட மண்ணாகவே பார்க்கிறது.

2020க்குப் பிறகு மேசை விளையாட்டின் உரிமையாளர்கள் விமரிசனங்களுக்கு இறங்கிவந்தார்கள். 2024 விதிநூலில் ‘இனம்’ என்ற சொல்லே போய்விட்டது. பிறப்பால் கூடும் எண்களும் போயின. நல்லது. இப்போது அந்த எண்கள் ‘பின்னணி’யிலிருந்து வருகின்றன. பிரபு என்றால் பலம், அறிவு, வசீகரம். உழவர் என்றால் பலம், தாங்குதிறன், விவேகம். உழவருக்கு அறிவு அந்தப் பட்டியலில் இல்லை! ஆட்டத்தை நடத்துபவர் இசைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். பிறப்பு போய்க் குலத்தொழில் வந்தது. விலக்கு வேண்டுமானால் பெரியவர் தயவு.

எங்கள் பக்கம் ‘கர்ண மோட்சம்’ ஆடாத கூத்துக்குழு இல்லை. அரங்கில் குலம் கேட்கப்பட்டுக் கூசி நின்ற கர்ணனுக்குத் துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து ஒரு ‘பின்னணி’ வாங்கித் தந்தான். கடைசியில் அவன் குந்தி மகன் என்று தெரிந்து சனம் அழுகிறது. அவன் திறமைக்குப் பிறப்பிலேயே காரணம் கண்டுபிடித்த திருப்தியும் அந்த அழுகையில் கலந்திருக்கிறது. ஏகலைவனுக்கு அப்படி ஒரு குந்தி கிடைக்கவில்லை; அவன் திறமை அவனுடையதாகவே இருந்தது. அதனால்தான் கட்டைவிரல் போனது.

மாணவத் தோழர்கள் இந்த விளையாட்டுகளை ஆடட்டும். விதிநூலையும் கையில் வைத்துக்கொண்டு ஆடட்டும். எந்த எண் யாருக்குக் கூடுகிறது, யார் கழிக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வேறு விதி எழுதுகிறவர்களும் வருவார்கள்.