மாதரியின் மாடுகள்

இலக்கியத்தில் தீ எரியும்போதெல்லாம் நாம் தீயைப் பார்க்கிறோம்; தீ வைத்தவரைப் பார்க்கிறோம்; அதற்குக் காரணமான குற்றத்தைத் தேடுகிறோம். எரிந்த நிலத்தில் மாடு மேய்த்து வாழ்ந்த குடும்பம் மறுநாள் காலை என்ன செய்தது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், நன்கு பழகிய நூல்கள்கூட வேறு முகம் காட்டுகின்றன. இரண்டு பெருநூல்களையும் நம் கொங்கு நாவல்கள் சிலவற்றையும் அந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் யோபு. அவரைப் பொறுமையின் உருவாகவே நாம் அறிவோம். அவர் பெரும் பண்ணைக்காரர் என்பதை நூலின் முதற்பகுதியே சொல்கிறது: 7000 ஆடுகள், 3000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 பெண் கழுதைகள், எண்ணிறந்த பணியாளர்கள். ஒரே நாளில் அவருக்கு நான்கு செய்திகள் வருகின்றன. அவற்றுள் இரண்டாவது, வானிலிருந்து விழுந்த நெருப்பு ஆடுகளையும் அவற்றை மேய்த்த பணியாளர்களையும் சுட்டெரித்துவிட்டது என்பது. ஒருவன் மட்டும் தப்பி வந்து சொல்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் வந்துவிடுகிறான். கதை நகர்கிறது.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது அதிகாரங்கள் துன்பத்தின் பொருளைப் பற்றிப் பேசுகின்றன. உலக இலக்கியத்தில் அவற்றுக்கு இணை சொல்வது அரிது. ஆயினும் எரிந்துபோன அந்த மேய்ப்பர்களைப் பற்றி யோபுவும் பேசவில்லை. அவருடைய நண்பர்களும் பேசவில்லை. இறுதியில் கணக்கு நேர்செய்யப்படுகிறது. ஆடுகள் 14,000 ஆகின்றன. ஏர் மாடுகள் 1000 ஆகின்றன. பிள்ளைகளும் முன்போலவே பதின்மர் பிறக்கின்றனர். பணியாளர் வரிசை மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. மறைநூலைக் குறைகூறுவதற்காக இதைச் சுட்டவில்லை. யோபுவின் முறையீட்டைக் கூர்ந்து கேட்கப் பழகிய காதுக்கு இந்த மௌனமும் கேட்க வேண்டும் என்பதற்காகவே சுட்டுகிறேன். யோவேலின் முதல் அதிகாரம் இதற்கு நேர்மாறானது. வெட்டுக்கிளியும் வறட்சியும் நெருப்பும் மேய்ச்சலை அழித்த நாட்டில், போக்கிடமின்றி அலையும் மாட்டு மந்தைகளின் முனகலை அவர் கேட்கிறார். காட்டு விலங்குகளும் கடவுளை நோக்கிக் கதறுவதாகச் சொல்கிறார். மேய்ச்சல் நிலத்தை அறிந்த ஒருவர் எழுதியது அது.

யோபுவின் நூல் ஒரு வரியில் கடந்துபோன அந்த மேய்ப்பர்களை நான் மீண்டும் சந்தித்தது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில். 2000-இல் வெளிவந்த அந்நாவலில் ஆடு மேய்க்கும் சிறுவர்களே உலகம். கூலிக்குக் கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் விடப்பட்ட சிறுவன் ஆட்டின் பின்னாலேயே வளர்கிறான். ஆடு காணாமற்போனால் உடையவருக்கு அது பண நட்டம், சிறுவனுக்கோ அடி. இவ்வேறுபாட்டை அந்நாவல் விவாதிப்பதில்லை. அன்றாடத்தில் காட்டிவிட்டுப் போகிறது. ஒரு பண்ணையில் தீ விழுந்தால் அது ஒரு குடும்பத்தின் மீது மட்டும் விழுவதில்லை. அக்குடும்பத்தின் பெயரில் எண்ணப்படாத பலர் மீதும் விழுகிறது. யோபுவின் முதல் அதிகாரத்தைக் கூளமாதாரிக்குப் பின் படிப்பவர் அந்தப் பணியாளர்களை அவ்வளவு விரைவாகக் கடந்துசெல்ல இயலாது.

இனிச் சிலம்பு. கண்ணகியின் சினத்தைப் பற்றி மேடைதோறும் பேசியிருக்கிறோம். அவள் மதுரையில் எங்கே தங்கியிருந்தாள் என்பதை மறந்துவிடுகிறோம். மதிலுக்கு வெளியே, ஆயர் குடியிருப்பில், மாதரி என்னும் இடைக்குல முதுமகளின் பொறுப்பில் கவுந்தியடிகள் அவளை அடைக்கலமாக விட்டுச் செல்கிறார். ஒரு மாட்டுக் குடும்பத்தின் வீட்டில்தான் கண்ணகி கோவலனுக்குக் கடைசி உணவைச் சமைத்தாள். ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில் தீக்குறிகள் தோன்றுகின்றன: குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் சொரிகிறது, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. வரப்போகும் கேட்டைத் தொழுவத்தில்தான் இளங்கோ முதலில் காட்டுகிறார். பால் உறையாத வீட்டுக்கு அன்று மோர் இல்லை, விற்கத் தயிர் இல்லை. கறவை வைத்திருப்போருக்கு இந்தக் குறி சோதிடம் அன்று, பிழைப்பு. மாதரி குரவை ஆடச் சொல்வதும் கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்கட்டும் என்றுதான்.

பின்னர் மதுரை எரிகிறது. பசுக்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கடவுளுக்குக் கண்ணகி ஆணையிடுகிறாள். யானைகளும் குதிரைகளும் மதிலுக்கு வெளியே ஓடுகின்றன. கறவைகளும் கன்றுகளுமோ நெருப்பு அணுகாத ஆயர் தெருவை அடைகின்றன. இந்த ஒரு செய்தி என்னை நெடுநாள் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தியில் யாரும் ஓட்டாமலே பட்டி திரும்பும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரியும் பெருநகரில் ஆசிரியர் நின்று மாட்டின் வழியைக் கவனித்திருக்கிறார்.

ஆனால், நெருப்பு விலக்கிய அந்த ஆயர்களிடையே நெருப்பில் மாண்டவள் ஒருத்தி உண்டு. அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தானே தீயில் இறங்கினாள். அவள் இறப்பைக் காப்பியம் நமக்கு நேரில் காட்டவில்லை. பல காதைகள் கடந்து, கங்கைக்கரையில் செங்குட்டுவனிடம் மாடலன் கூறும் செய்திகளுள் ஒன்றாக அது வருகிறது. இதைக் காப்பியத்தின் குறை என்று முன்பெல்லாம் சொல்லத் தோன்றியிருக்கும். இன்று அப்படித் தோன்றவில்லை. மாடு மேய்க்கும் வீட்டின் துயரம் தலைநகருக்கு எப்போதும் அப்படித்தான், தாமதமாக, பிறர் வாய்மொழியாகச் சென்று சேர்கிறது. அதை மாற்றி எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. சிலம்பின் உரைபெறு கட்டுரை, கொங்கிளங் கோசர் தம் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்தனர் என்றும் அதனால் மழை தவறாது பெய்தது என்றும் கூறுகிறது. ஊரை எரித்தவளிடம் நம் முன்னோர் கேட்டது மழை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காட்டைக் கண்டவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழையே பெறும் மண் அது. கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. அந்த உயிர்வேலிக்குள் காங்கேயம் மாடு மேய்ப்பாரின்றியும் மேயும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த அந்த இனத்துக்கு அடிப்படை இந்தப் புல்லும் வேலியும்தான். கோடையில் ஒரு பொறி விழுந்தால் புல் எரியும். மழை கண்டால் புல் மீண்டும் துளிர்த்துவிடும். அதன் வேர் மண்ணுக்குள் இருக்கிறது. போத்து நட்டு ஆண்டுக்கணக்கில் வளர்த்த கிளுவை வேலி அப்படி ஒரு மழையில் திரும்பாது. வேலி போனால் மாட்டைக் காக்க ஆள் வேண்டும்; ஆளுக்குக் கூலி வேண்டும்; கூலிக்கு ஒரு மாட்டை விற்க வேண்டும். சோளத்தட்டுப் போரும் சேர்ந்து எரிந்துவிட்டால் விற்பது ஒன்றோடு நிற்காது.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் புல்வெளியில் பரவிய தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. 7000-க்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. அங்குள்ள பண்ணைக் குடும்பங்கள் பிழைத்த மாடுகளுக்கு வைக்கோல் தேடின. மைல்கணக்கில் போன வேலியை எண்ணின. பிற மாநிலங்களிலிருந்து லாரிகளில் வைக்கோல் வந்தது. அளவில் அந்தப் பண்ணைக்கும் நம் பத்து ஏக்கர் கொறங்காட்டுக்கும் ஒப்பே இல்லை. கவலை ஒன்றுதான்.

கொங்கு நாவலில் நிலமே முதற்பாத்திரம் என்பர். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) பங்குப் பிரிவினையில் தொடங்கிக் கொலையில் முடிகிறது. பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) குடியிருப்புக்காக நிலத்தை இழந்த குடும்பத்தைத் தொடர்கிறது. 'பூனாச்சி'யில் (2016) பஞ்சம் வந்து ஆடும் மனிதரும் சேர்ந்து வாடுகின்றனர். இவற்றில் அழிவு மெதுவாக வருகிறது. வெயிலாக, வழக்காக, பசியாக வருகிறது. நம் எழுத்தாளர்கள் மெதுவான அழிவில் தேர்ந்தவர்கள். ஓர் இரவில் எல்லாம் முடிந்துவிடும் தீ அவர்களுடைய நடைக்கு ஒவ்வாததோ என்றுகூட எண்ணியதுண்டு.

ஆயினும் நம் மலையோரத்தில் தீயும் ஓர் இரவுக் கதை அன்று. 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலையில் பல நாள் எரிந்த காட்டை அணைக்கச் சூலூரிலிருந்து வான்படையின் ஹெலிகாப்டர் வந்து, மலம்புழா அணையில் நீர் மொண்டு ஊற்றியது. செய்தித்தாள்கள் அதைப் படமாக வெளியிட்டன. அந்தக் காட்சிக்கு அப்பால் நெடுநாளாக ஒரு வழக்கு உள்ளது. அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில், வெண்திட்டுகள் கொண்ட செந்நிற மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கும் குடிகள் இருக்கின்றனர். பாலைவிட எருவே அவர்களுக்குப் பெரிய வரவு. புதுத் துளிருக்காக மேய்ப்பவர்களே காட்டுக்குத் தீ வைக்கின்றனர் என்பது வனத்துறையின் பழைய குற்றச்சாட்டு. மாடு மேயாத காட்டில் காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் மண்டி, அதுவே தீக்கு இரையாகிறது என்பது மேய்ப்பவர்களின் பதில். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் திருத்தியது. 2024-இல் அந்தியூர்ப் பகுதிக் காடுகளில் சுமார் 80,000 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது அந்தத் திருத்தம் பட்டிக்காரர்களுக்கு என்ன பொருள் தரும் என்பதே பேச்சாயிற்று.

இங்கே ஒரு நாவலுக்கான முடிச்சு முழுமையாக இருக்கிறது. பொறி விழுந்த இரவில் மாட்டை அவிழ்த்துவிட ஓடுபவன் மறுநாள் குற்றவாளியாகவும் நிற்க நேரலாம். தீத்தடுப்புக் கோடு வெட்டக் கூலிக்குச் செல்பவனும் அவன் வீட்டு ஆளாகவே இருக்கலாம். வனக் காவலரும் அந்த மலையிலேயே பிறந்தவராக இருக்கலாம். இதை எழுதுபவர் யோபுவின் நண்பர்களைப்போலக் குற்றம் யாருடையது என்று தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டால் கதை கெட்டுவிடும். பட்டிக்குள் எத்தனை மாடு, எத்தனை கன்று, எது சினை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இளங்கோவுக்கு அது தெரிந்திருந்தது. பாலின் உறைவைக்கூட அறிந்தவர் அவர்.

அவரிடமும் கேட்க ஒன்று மீதி இருக்கிறது. மாதரிக்கு ஐயை என்று ஒரு மகள். தாய் தீயில் இறங்கிய பின் தனித்துவிட்ட அந்தப் பெண்ணைத் தேவந்தி முதலியோர் உடன் அழைத்துக்கொண்டு வையைக் கரை வழியே சென்று மலையேறி வஞ்சிக்கு வருகின்றனர். கரூரே அந்த வஞ்சி என்போர் உளர். கொடுங்கல்லூர் என்போரும் உளர். வாழ்த்துக் காதையில், கண்ணகியின் கோயிலில், இவள்தான் ஐயை என்று தேவந்தி அவளைக் காட்டுகிறாள். ஆயர் தெருவுக்குத் தப்பி வந்து சேர்ந்த அந்தக் கறவைகளையும் கன்றுகளையும் யாரிடம் விட்டு வந்தாய் என்று தேவந்தியும் அவளைக் கேட்கவில்லை, செங்குட்டுவனும் கேட்கவில்லை.