கறுத்த கலையைக் குறிவைத்த வேட்டை

மைசூர் சமஸ்தானம் 1901இல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியபோது, தங்கச் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் ரீஃப் குடியிருப்புகளைச் சூழ்ந்த வறண்ட மேட்டுநிலம் வெளிமானுக்கு ஏற்ற நிலம். மறைவதற்குப் புதர் இல்லாத அந்த வெட்டவெளியில் மாட்டுவண்டியின் பக்கவாட்டில் ஒண்டியபடி நடந்து மானை நெருங்குவது அக்கால வேட்டைக்காரர்களின் வழக்கம். உழவர் வண்டியைக் கண்டு மான் மிரள்வதில்லை. எந்த மானைச் சுடுவது என்பதில் துரைமார்களிடையே ஒரு கண்ணியம் பேசப்பட்டது. பிணை எனும் பெண்மானையும் குட்டியையும் தொடக்கூடாது, கலை எனும் ஆண்மானிலும் பழுப்பு நிற இளசை விட்டுவிட வேண்டும், கூட்டத்திலேயே மிகக் கறுத்து மிக நீண்ட திருகுகொம்பு கொண்ட ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். 1892இல் முதன்முதலாக வெளிவந்த ரோலண்ட் வார்டின் கொம்பளவுப் பதிவேடு, அந்தத் தேர்வை அங்குலக் கணக்காகவும் ஆக்கியது.

இந்த வழக்கத்துக்கு உண்மையான பலம் உண்டு. பிணைகளைக் காப்பதே ஒரு மந்தையின் எண்ணிக்கையைக் காக்கும் முதல் வழி. ஒரே மானைத்தான் எடுக்கலாம் என்றாகிவிட்டால் வேட்டைக்காரன் பொறுமையாகப் பார்க்கவும் பலவற்றை விட்டுவிடவும் பழகுகிறான். பிற்காலத்தில் ஜீப்பின் விளக்கொளியில் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளியவர்களோடு இவர்களை ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் இந்த நன்மை முழுவதும் வரம்பிலிருந்து வந்தது. கொம்பைப் பார்த்துத் தேர்ந்ததிலிருந்து வரவில்லை. எத்தனை என்பது ஒரு கேள்வி, எது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான விடை சொன்னவர்கள் இரண்டாவதில் பெரும்பாலும் தவறினார்கள் என்பதே என் கருத்து.

காரணம் வெளிமானின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. வலுவான கலை ஒரு துண்டு நிலத்தைத் தனதாக்கி, அதே இடங்களில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுக் குவித்து, கண்ணோரச் சுரப்பியால் மணம் பூசி எல்லை காட்டும். அந்த உரிமை சில வாரங்களோ சில மாதங்களோதான் நீடிக்கும். அதை இழந்த கலை மற்ற ஆண்களின் கூட்டத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே கறுத்து, நிமிர்ந்து, தனியாக நிற்கும் கலை பெரும்பாலும் அந்தப் பருவத்தில் இணைசேர்ந்துகொண்டிருக்கும் கலை. மற்றவை ஓடிவிடும்போது எல்லையை விட்டு அகல மனமில்லாமல் நிற்பதும் அதுவே; துப்பாக்கிக்கு எளிதாகச் சிக்குவதும் அதுவே. இந்த வேட்டை தன்னையறியாமல் இடத்துக்கு விசுவாசமான கலையைத் தண்டித்தது.

ஒரு கலை பல பிணைகளுக்குப் போதும், மிச்சமுள்ள ஆண்கள் உபரிதானே என்று கேட்கலாம். எண்ணிக்கை அளவில் அது சரி. ஆனால் உபரி நிற்பது ஆண் கூட்டத்தில். குறிவைக்கப்பட்டதோ உபரியல்லாத ஒன்று. நீண்ட கொம்பு முதுமையின் அடையாளம், எப்படியும் சாகப்போகும் கிழத்தைத்தானே எடுத்தோம் என்பது அடுத்த வாதம். வெளிமானின் கொம்பு உதிர்ந்து முளைப்பதில்லை. முழு வளர்ச்சி அடைந்தபின் நடுவயதுக் கலைக்கும் கிழட்டுக் கலைக்கும் கொம்பின் நீளத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. அமெரிக்கப் புல்வெளிகளில் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு பெற்று வேட்டையாடப்படும் பிராங்ஹார்ன் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் பலவீனமாகிறது. அது ஆண்டுதோறும் கொம்புறையை உதிர்த்துப் புதிதாக வளர்க்கும் விலங்கு. இரண்டு மூன்று வயதிலேயே கொம்பு ஏறக்குறைய உச்ச அளவை எட்டிவிடுவதால், மிகப் பெரிய கொம்பைத் தேடுபவர் கிழட்டு விலங்கை விட்டு இளமையின் முழு வலுவில் இருப்பதைச் சுட நேரலாம்.

பரம்பரைப் பாதிப்பு பற்றி நிதானமாகவே பேச வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மவுன்டன் காட்டுச் செம்மறிகளை முப்பது ஆண்டுகள் கண்காணித்து 2003இல் வெளியான ஆய்வு, பெரிய கொம்புக் கிடாய்களையே தொடர்ந்து சுட்டதால் பின்வந்த தலைமுறைகளில் கொம்பு சிறுத்ததைக் காட்டியது. தீவனமும் நெரிசலும்கூடக் காரணமாகலாம் என்ற மறுப்பு எழுந்தது; அதில் நியாயமுண்டு. மேலும் அது தனித்து வாழ்ந்த ஒரு சிறு கூட்டம். பரந்த தக்காணத்தில் அதே விளைவு நிகழ்ந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. வெளிமானை ஒடுக்கியதும் கொம்பு தேடியவர்கள் மட்டுமல்ல; மேய்ச்சல் வெளி உழவு நிலமானதும் கட்டற்ற திருட்டு வேட்டையுமே பெருங்காரணங்கள். ஆனால் கூட்டங்கள் சிறுத்துச் சிதறிய பிறகும் அதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. ஐந்நூறு மான் திரியும் வெளியில் ஒரு கலையின் இழப்பு தெரியாது. முப்பது மட்டும் மிஞ்சிய இடத்தில் அது அந்த ஆண்டின் ஈற்றையே குலைக்கக்கூடும்.

இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இருக்கிறது. பயிரை மேய்ந்தது என்பதற்காக அதைச் சுட அனுமதி கிடையாது. ஆனாலும் தேர்வுக் கேள்வி செத்துவிடவில்லை, இடமாற்றத் திட்டங்களில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2025இல் பயிர்ச்சேதப் பகுதிகளிலிருந்து வெளிமான்களை அகற்றியபோது, ஹெலிகாப்டரால் விரட்டிப் புனல் வடிவ அடைப்புக்குள் கூட்டமாகச் செலுத்தினார்கள். கலை, பிணை, குட்டி எல்லாம் கலந்தே போயின. மந்தையின் அமைப்பைக் கலைக்காமல் எடுக்கும் அந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. தங்கவயல் பக்கத்து உழவர்களுக்கும் அப்படியொரு தேவை வருமானால், வனத்துறை முதலில் கேட்க வேண்டியது கொம்பின் நீளத்தை அல்ல; எந்தக் கலை எந்த நிலத்தைப் பிடித்து நிற்கிறது, அதை எடுத்தால் அந்தப் பருவத்தில் அங்கே இணைசேர யார் மிஞ்சுவார் என்பதை.