ஐயத்துக்கு மறுமொழி வந்த வழி: மலையகத்திலும் தமிழகத்திலும் இணையவழிக் கற்பித்தல்

2020 மார்ச் மாதம் பெருந்தொற்றினால் இலங்கையிலும் இந்தியாவிலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்தை மாணவரிடம் சேர்ப்பதைவிட மாணவரின் ஐயத்தை ஆசிரியரிடம் சேர்ப்பதே கடினம் என்பது இலங்கை மலையகத்தின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் தெளிவாகத் தெரிந்தது.

இலங்கைக் கல்வி அமைச்சு ஈ-தக்சலாவ என்னும் கற்றல் தளத்தையும் தொலைக்காட்சிப் பாடங்களையும் வழங்கியபோதும், ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் நடைமுறை வகுப்பறையாக அமைந்தது, ஆசிரியர் தமது சொந்தக் கைபேசியில், சொந்தச் செலவில் நடத்திய வட்ஸ்அப் குழுவே ஆகும். காலையில் குரற்பதிவாகவோ பயிற்சித்தாளின் படமாகவோ அனுப்பப்பட்ட பாடம், வீட்டிலுள்ள ஒரே கைபேசியைப் பெற்றோர் வேலைக்கு எடுத்துச் சென்றிருந்தால், அவர்கள் கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு) திரும்பிய பின்னரே பிள்ளைக்குக் கிட்டியது. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க வேண்டிய சூம் வகுப்பு, அதாவது ஒத்தியங்கு தொடர்பாடல், கைபேசிச் சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்கு லயங்களுக்குப் பொருந்தவில்லை; அவரவர்க்கு இயன்ற வேளையில் கேட்டு மறுமொழி பெறும் ஒத்தியங்காத் தொடர்பாடலே அங்கு ஓரளவு கைகொடுத்தது. ஆயினும் 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது அந்த ஒற்றை வழியும் பெரும்பாலும் அடைபட்டது. அதுவரை செலவையும் சுமையையும் தாங்கி வந்த ஆசிரியர்களை இதற்குக் குறைகூற முடியாது. ஒரு பொதுக் கடமையைத் தனிமனிதரின் பணப்பையில் நிறுத்தியதே தவறு.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து சென்றோர் வாழும் கூடலூர், கோத்தகிரித் தேயிலைப் பகுதிகள் உட்பட மாநிலமெங்கும் இணையச் செலவின்றிப் பாடத்தைப் பரப்ப வழி செய்தது. ஆனால் தொலைக்காட்சியால் மாணவரின் கேள்வியைக் கேட்க இயலாது. ஆகவே அங்கும் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பை நாடினர். குறிப்பிடத்தக்க வேறுபாடு 2021 அக்டோபரில் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் உள்ளது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள், 1 முதல் 8 வரையான வகுப்புப் பிள்ளைகளை மாலையில் அவர்களது குடியிருப்புக்கு அருகிலேயே சந்தித்தனர். திட்டம் ஒன்றரை ஆண்டு தாமதித்தே வந்தது என்பதும், தன்னார்வலர் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு ஈடாகார் என்பதும் உண்மையே. எனினும் கேட்ட பிள்ளைக்கு அதே மாலையில் மறுமொழி சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

மலையகத் தோட்டங்களிலும் உயர்தரம் கற்ற இளைஞர்கள் உள்ளனர். மாலையில் வெறுமையாகும் பிள்ளைக்காம்பராக்களும் (குழந்தை பராமரிப்பு நிலையங்களும்) உள்ளன. ஆசிரியரின் இணையச் செலவை அரசு ஏற்பதோடு, தோட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் ஐயம் தீர்க்க இத்தகைய இளைஞர் ஒருவரை நியமிப்பதை மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் அடுத்த இடருக்கு முன்னரே செய்தாக வேண்டும்.