குன்றும் தீவும்: ஒரு பல்கலைக்கழக வரைபடத்தை வாசித்தல்

கட்டடத்தைப் பற்றியெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று தோழர் ஒருவர் கேட்டார். கவிதை, கதை, தன்வரலாறு என்று பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் மாஸ்டர் பிளானுக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஊர் எங்கே, சேரி எங்கே, சுடுகாடு எங்கே, குளத்தில் எந்தப் படித்துறை யாருக்கு என்று நிலத்தின்மேல் எழுதிவைத்ததுதான் நமக்குக் கிடைத்த முதல் பிரதி. அதை வாசிக்கத் தெரியாமல் நம் தெருவில் எவரும் வளர்ந்ததில்லை.

நான் எடுத்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் பல்கலைக்கழகம். ஐந்து வளாகங்கள். டர்பன் நகரில் ஹோவர்டு கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும், அதையடுத்து வெஸ்ட்வில், பைன்டவுனில் எட்ஜ்வுட், எண்பது கிலோமீட்டர் தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க். 2004 ஜனவரி 1 அன்று நடால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் ஒன்றாக்கப்பட்டுப் பிறந்தது இது. வரைபடத்தில் ஐந்து புள்ளிகள், ஒரே பெயர். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் புள்ளிகள் அங்கே எப்படி வந்தன?

ஹோவர்டு கல்லூரி குன்றின் உச்சியில் நிற்கிறது. முதல் உலகப் போரில் செத்துப்போன மகனின் நினைவாக ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் கொடுத்த காசில் கட்டி, 1931இல் திறந்தார்கள். 1936இலிருந்து கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் அதே பல்கலைக்கழகம் பாடம் நடத்தியது, ஆனால் குன்றின்மேல் இல்லை. கீழே நகரத்துக்குள் இருந்த சாஸ்திரி கல்லூரியில், தனியாக. ஆசிரியர்கள் மேலே சொன்ன பாடத்தையே இறங்கி வந்து இன்னொரு முறை சொன்னார்கள். சாஸ்திரி கல்லூரி யார் பேரில் என்றால், இந்திய அரசின் ஏஜண்டாக அங்கே போன வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பேரில். ஒருவனைத் தொடாமல் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பது வலங்கைமான் பக்கத்து அக்கிரகாரத்துக்குப் புதிய சங்கதி ஒன்றும் இல்லை. அதற்கென்று அவர் அந்தப் பள்ளியை எழுப்பினார் என்று நான் சொல்லவரவில்லை, நல்ல எண்ணத்தில்தான் எழுப்பினார். வெள்ளையர் பல்கலைக்கழகத்துக்கு அது புறக்கடை வாசலாகப் பயன்பட்டது என்பதுதான் சங்கதி.

குன்றின் மறுசரிவில் கேட்டோ மேனர். கறுப்பர்களும் இந்தியர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை இடித்துத் தள்ளினார்கள். கறுப்பர்களை குவாமாஷுவுக்கும் இந்தியர்களை சாட்ஸ்வொர்த்துக்கும் விரட்டினார்கள்.

1951இல் கறுப்பர்களுக்கென்று மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் மாணவர்களைத் தங்கவைத்த இடம் வென்ட்வொர்த், பழைய ராணுவக் கொட்டடிகள். பின்னால் அதன் பக்கத்திலேயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் எழும்பியது. பாடம் ஒரு மூலை, படுக்கை ஒரு மூலை. ஸ்டீவ் பிக்கோ 1966இல் வந்து சேர்ந்ததும் இந்த விடுதியில்தான். கறுப்பின உணர்வு இயக்கத்தின் பேச்சுகள் பல அங்கே ராத்திரிகளில் நடந்தவை. பிக்கோவைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்களுக்கு அந்த ஆலையின் புகை தெரியாது.

1959இல் சட்டம் போட்டு இனத்துக்கு ஒரு கல்லூரி என்று பிரித்தார்கள். இந்தியர்களுக்கு 1961இல் கொடுத்த இடம் சாலிஸ்பரி தீவு, டர்பன் துறைமுகத்துக்குள் கடற்படை கைவிட்ட கொட்டகைகள். படகேறிப் போய்ப் படித்தார்கள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் வந்து நின்ற அதே துறைமுகம். அன்றிலிருந்து 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள், பெரும்பாலோர் சென்னையிலிருந்து. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது என்று எழுதி, ஜாதிக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறது. நம்ம ஆட்கள் எத்தனை பேர் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறார்கள் என்பதை டர்பன் காவடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவதில்லை.

1970களின் தொடக்கத்தில் தீவிலிருந்து வெஸ்ட்வில் குன்றுக்கு மாற்றினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெஸ்ட்வில்லில் கட்டியவை கொட்டகைகள் இல்லை. பெரிய பெரிய, உறுதியான கட்டடங்கள். ஏன் இவ்வளவு தாராளம்? பிரிவினை நிரந்தரம் என்று அவர்கள் நம்பினார்கள், அதனால்தான். நீண்டகாலத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உறுத்துவது இங்கேதான். முப்பது வருஷம் முன்னோக்கித் திட்டமிடுகிறவன் முதலில் முடிவுசெய்வது எது மாறாது என்பதை. அவனுடைய நம்பிக்கை கான்கிரீட்டாகி நின்றுவிடுகிறது. சட்டத்தை ஒரே நாளில் ரத்து செய்துவிடலாம். குன்றை நகர்த்த முடியுமா?

2001இல் அமைச்சர் காதர் அஸ்மால் காலத்தில் வந்த தேசியத் திட்டத்தின் தொடர்ச்சியாக நாட்டின் 36 உயர்கல்வி நிறுவனங்களை இணைத்துக் குறைத்தார்கள். வெஸ்ட்வில்லின் போராட்ட மரபை விழுங்கிவிட்டார்கள் என்று அங்கே ஒரு விமர்சனம் உண்டு. எனக்கு அது முழுக்க உடன்பாடில்லை. இனத்துக்கொரு கல்லூரி என்பதைக் கலைத்தே ஆக வேண்டும். இன்னொன்றும் செய்தார்கள்: புதிய பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அலுவலகத்தை வெள்ளையர் குன்றில் வைக்காமல் வெஸ்ட்வில்லில் வைத்தார்கள். பஞ்சாயத்து ஆபீசைக் கொண்டுவந்து சேரியில் கட்டுகிற மாதிரி. நம்ம பக்கம் இது நடக்குமா, சொல்லுங்கள்.

என் சண்டை வேறு இடத்தில். இணைந்த பிறகு துறைகளைப் பங்குவைத்தார்கள். கல்வியியல் எட்ஜ்வுட்டுக்கு, மேலாண்மை வெஸ்ட்வில்லுக்கு, பொறியியல் ஹோவர்டுக்கு, வேளாண்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு. ஒரே துறை ரெண்டு இடத்தில் எதுக்கு, வீண் செலவு என்பது திட்டமிடுபவரின் தர்க்கம். கணக்கு சரிதான். ஆனால் யாருடைய கணக்கு? ஒரு மாணவருக்கு இத்தனை சதுர மீட்டர் வகுப்பறை, இத்தனை சதுர மீட்டர் ஆய்வுக்கூடம் என்று அளப்பார்கள். குவாமாஷுவிலிருந்து வருகிற பெண்ணின் பஸ் காசு எந்தச் சதுர மீட்டரில் வருகிறது? இடம் கிடைக்காமல் நண்பனின் அறைத் தரையில் ஒளிந்து படுக்கிறவன் எந்தக் கட்டத்தில் வருகிறான்? விடுதி நெருக்கடி அங்கே வருஷா வருஷம் கிளம்புகிற சண்டை. 2000 மே மாதம் வெஸ்ட்வில்லில், கட்டணம் கட்ட முடியாதவர்களை வெளியேற்றியதை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு மாணவர் செத்தார். 2016 செப்டம்பரில் கட்டணப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது ஹோவர்டு வளாகத்தின் சட்ட நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். நூலகம் எரிவதை நான் கொண்டாட மாட்டேன். ராத்திரி நேரத்து நூலகத்துக்கு ஏங்கியவன் நான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். 1990களில் ஒரு மாவட்டத் தலைநகரத்தில் படித்தேன். கல்லூரி நகரத்தின் நடுவில். எங்கள் ஆதிதிராவிடர் நல விடுதி ஐந்து கிலோமீட்டர் வெளியே, சுடுகாட்டை ஒட்டி. எட்டுப் பேர் அறையில் இருபது பேர். நூலகம் ராத்திரி எட்டு மணி வரைக்கும், எங்கள் பக்கம் போகிற கடைசி பஸ் ஏழு மணிக்கு. ஆறரைக்கே புத்தகத்தை மூடிவிட்டு ஓடணும். மற்ற பையன்கள் விளக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வாசலிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுவேன். மூன்று வருஷமும் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் எனக்கு இல்லை. விடுதியை ஏன் சார் இங்க கட்டுனாங்க என்று வார்டனைக் கேட்டேன். "பொறம்போக்கு நெலம் இங்கதான்டா கெடச்சுது. படிக்கிறவன் எங்க இருந்தாலும் படிப்பான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரோ வரைபடத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

எங்கே நிலம் சும்மா கிடைக்குமோ அங்கே நம்மை வைப்பார்கள். கடற்படை கைவிட்ட தீவு, ராணுவம் கைவிட்ட கொட்டடி, ஊர் கைவிட்ட புறம்போக்கு. கட்டட வல்லுநர்கள் இதைத் தற்செயல் என்பார்கள். மூன்று இடத்திலும் ஒரே தற்செயல்.

போன வருஷம் அந்த ஊருக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது விடுதிப் பக்கம் நடந்தேன். கட்டடத்துக்குப் புதுசாய் மஞ்சள் அடித்திருக்கிறார்கள். வாசலில் ரெண்டு பையன்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ் எத்தன மணிக்குப்பா என்று கேட்டேன்.

"ஏழரைக்குண்ணே. சில நாளு வராது."