பாட்டில் குறத்தி, பந்தியில் சாதி

மாற்கு எழுதிய சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் வருகிறான். ஓடிவந்து முழங்காலில் விழுந்து, நித்திய ஜீவனுக்கு வழி கேட்கிறான். கட்டளைகளையெல்லாம் சிறுவயசிலிருந்தே கைக்கொண்டவன். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்கிறார் இயேசு. அவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். பிரசங்கங்களில் இவனைப் புரியாத ஆளாகக் காட்டுவது வழக்கம். புரியாதவனுக்கு எதுக்குத் துக்கம்? அவனுக்கு நல்லாவே புரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தான், கட்டுபடியாகலை, போய்ட்டான்.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தை இந்த ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். சுவிசேஷத்தைத் தமிழ்ச் சந்தத்தில் அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர்கள் குறைவு. ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் விசுவாசத்தையே ஒரு குறத்தியாக உருவகித்தார். ஊருக்கு வெளியே அலைகிற ஒரு பெண், கடவுளின் குறி சொல்ல வருகிறாள். எம்.ஏ. வகுப்பில் இதைச் சிற்றிலக்கிய நயம் என்று படித்து மார்க் வாங்கினோம். அதே கவிஞர் 1829இல் எழுதிய ‘சாதியாசார சம்பாவினை’யை ஒருவரும் பாடத்தில் வைக்கவில்லை. சாதிகளை ஒன்றாகக் கலக்கப் பார்த்த புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதப்பட்டது அது. கோயிலில் தனித்தனியாக உட்காருவது ஊர் வழக்கம், அதில் கை வைக்காதே என்பது வாதம். வியாசர்பாடித் தமிழில் கேட்டால்: இன்னாபா இது, பாட்டுல வரலாம், பந்தில வரக்கூடாதா?

சாஸ்திரியாரின் குறைகளில் நியாயமானவையும் உண்டு. தமிழ்ப் பாட்டையும் தமிழ் வழக்கங்களையும் வெள்ளைக்காரப் பாதிரிகள் ஒதுக்கித் தள்ளுவதை எதிர்த்தார். அதை நாமும் எதிர்ப்போம். ஆனால் தமிழ்ப் பாட்டைத் தடுக்காதே என்பதும் சாதியைத் தொடாதே என்பதும் ஒரே மனுவில், ஒரே மூச்சில் வருகின்றன. பண்பாடு என்கிற மூட்டைக்குள் சாதியையும் வைத்துக் கட்டிவிட்டால், மூட்டையைப் பிரிக்கச் சொல்கிறவன் பண்பாட்டுக்கு எதிரியாகிவிடுகிறான். இந்த வித்தை அவரோடு முடியவுமில்லை, கிறிஸ்தவர்களோடு நிற்கவுமில்லை.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் போய்விடலாம், அந்த வேப்பேரிக்கு. சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் பிறகு வந்தபோது, பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மாற்கு சொல்லும் பணக்காரனாவது துக்கத்தோடு போனான். இவர்கள் வேறு கோயில் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பின்னணியில் பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலை மறுபடி எடுக்க வேண்டும். வந்த காலத்தில் அதன் பேச்சுமொழியைப் பற்றித்தான் நிறையப் பேசினார்கள். சிலருக்கு அது கொச்சையாகப் பட்டது, சிலர் புதுமை என்றார்கள். இரண்டு கூட்டமும் மொழியோடு நின்றுவிட்டது. நூலின் மையம் வேறு. ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை செய்யலாமென்று கன்னியர் மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், ஏழ்மை விரதம் எடுத்தவர்கள் வசதியாக வாழ்வதையும், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே பள்ளி நடத்துவதையும் பார்க்கிறார். ஏழு வருஷத்தில் வெளியேறுகிறார். கையில் வேலை இல்லை, அடுத்து என்ன என்று தெரியவில்லை. ஆனாலும் இயேசுவின் நீதியை அவர் விடவில்லை. பணக்காரன் சொத்தோடு திரும்பினான். பாமா பாதுகாப்பை விட்டுவிட்டு வந்தார். மாற்கின் கதையில் நடக்காமல் போன முடிவைக் ‘கருக்கு’ எழுதிக் காட்டுகிறது.

‘இவர்களுக்குச் சரியாகப் போதிக்கவில்லை, இன்னும் ரெண்டு கருத்தரங்கு வைத்தால் திருந்திவிடுவார்கள்’ என்று நம் நண்பர்களே சொல்கிறார்கள். போதனையில் என்ன குறை? 2003இல் போப் இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. இரண்டுக்கும் நடுவில், 2008 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. வேதம் தெரியாத ஊரா எறையூர்? அறியாமை என்று சொல்லும்போதே அவர்களை மன்னித்துவிடுகிறோம். தெரிந்தே மறுக்கிறவர்களிடம் பாடம் நடத்திப் பிரயோசனமில்லை.

அப்போ, விலை கொடுத்தது யார்? 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் இன்றும் வெளியில்தான். இதை மாற்றச் சொல்லித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டிருக்கிறது. ஞானஸ்நானத்தில் ஒரு பேர், பள்ளிச் சர்டிபிகேட்டில் ஒரு பேர் என்று நம் ஜனங்கள் இரண்டு பேரோடு வாழ்வது பொய் சொல்லும் ஆசையிலா? இயேசுவை நம்பியதற்கு தலித் தன் இடஒதுக்கீட்டை விலையாகக் கொடுக்கிறான். அதே இயேசுவை நம்பிய சாதிக் கிறிஸ்தவனோ இடம், தெரு, சம்பந்தம், கல்லறை எதையும் விடாமல் சொர்க்கம் கேட்கிறான்.

தலித் விமர்சனம் இனி ஒரு கிறிஸ்தவப் பிரதியை எடுத்தால், அதன் பக்தியையும் சந்தத்தையும் அளந்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. எழுதியவர் எதை விட்டார், யாரோடு சாப்பிட்டார், யாரோடு சம்பந்தம் செய்தார் என்று கேட்க வேண்டும். சாஸ்திரியாரின் பாட்டை நான் இனியும் படிப்பேன், அந்தக் குறத்திக்காக. அவளுக்குக் கோயிலில் இடம் கேட்கிற வேலை நம்முடையது. அந்தக் கேள்வியை நம் தெருவிலிருக்கிற சபைகளிலிருந்தே ஆரம்பிக்கலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே.