அச்சம் நீங்கிய இடத்தில்: ஒரு நூல் திறனாய்வு

பிரித்தானிய சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரப் பணியைத் தொடங்கினார். அதன் அடிப்படைகளை விளக்கும் அவரது நூல் ‘இன் பிளேஸ் ஆஃப் ஃபியர்’ 1952-இல் வெளிவந்தது. பணமில்லாமையால் நோயாளிக்கு மருத்துவம் மறுக்கும் சமுதாயம் நாகரிகமுடையதன்று என்பது அதன் மையக் கருத்து.

இக்கருத்து ஏட்டளவில் பிறந்ததன்று. ஆசிரியரின் சொந்த ஊரான டிரெடிகரில் தொழிலாளர் தம் ஊதியத்தில் ஒரு பங்கைச் சேர்த்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கமே அதற்கு முன்மாதிரி.

எனினும் ஒரு குறை உண்டு. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளை நாட்டுடைமையாக்கி, அவற்றின் நிர்வாகத்தைப் பெரும்பாலும் அமைச்சர் நியமித்த மண்டல வாரியங்களிடம் ஒப்படைத்தது. நியமனத்தினும் தேர்தலே மேலானது என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியர், தீர்வை வருங்கால உள்ளாட்சிச் சீர்திருத்தத்திற்கு ஒத்திவைக்கிறார். மக்களுக்கு நேரடிப் பங்கில்லாத பணி, கருவூலத்தின் முடிவுக்கு எளிதில் பணியும். 1951-இல் படைச்செலவு உயர்ந்தபோது செயற்கைப் பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்துப் பெவனே பதவி விலகினார்.

இந்நூலை லூக்கா 10-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படிப்பது நலம். சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவுக்கும் பொறுப்பேற்றான். ஆகவே பராமரிப்பைப் பிறரிடம் ஒப்படைத்தல் இரக்கத்தைக் கைவிடுதல் ஆகாது. ஆனால் அவன் திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். மருத்துவப் பணியை அரசிடம் விட்ட திருச்சபை, வரியாக வரும் மேற்செலவை மனமுவந்து ஏற்கிறதா? காயப்பட்டவன் நலம் பெற்றானா என்று திரும்பிச் சென்று பார்க்கிறதா? இவ்வினாக்களோடு படிக்கும் போதகருக்கும் மாணவருக்கும் இந்நூல் இன்றும் பயன் தரும்.