டிஃபையன்ஸ்: துப்பாக்கி இல்லாதவங்க எங்கே?

இரண்டாம் உலகப்போரில் காட்டுக்குள் மறைந்திருந்து நாஜிகளோடு சண்டை போட்ட பார்ட்டிசான்கள் பற்றிய படங்களில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் எத்தனை பேர், யூதர்கள் எத்தனை பேர் என்று எண்ணத்தான் ஆரம்பித்தேன். எட்வர்ட் ஸ்விக்கின் 'டிஃபையன்ஸ்' (2008) மறுபடி பார்த்ததும் அந்தக் கணக்கே தப்போ என்று தோன்றியது. அதில் முக்கியமானவர்கள் எல்லாருமே யூதர்கள்தான், பெண்களும் நிறைய. (தங்களுக்குள் பேசுவது இங்கிலீஷ், அதை விடுங்கள்.) ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது.

நடந்த கதை இது. பெலாரஸ் காடுகளில் பீல்ஸ்கி சகோதரர்கள் ஒரு முகாம் நடத்தினார்கள். சோவியத் குழுக்கள் பலவும் ஆயுதத்தோடு வரும் இளைஞர்களைத்தான் சேர்த்துக்கொண்டன. துவியா பீல்ஸ்கியோ கிழவி, குழந்தை, நோயாளி என்று தப்பி வந்த யூதர்கள் எல்லாரையும் சேர்த்தார். 1944இல் செம்படை வந்தபோது சுமார் 1,200 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அதற்குள் நலிபோக்கி காட்டில் செருப்புத் தைக்க, துணி தைக்க, ரொட்டி சுட, துப்பாக்கி பழுதுபார்க்க எனப் பட்டறைகள் வந்துவிட்டன, பள்ளிக்கூடம்கூட. கிட்டத்தட்ட ஒரு ஊர்.

படத்தில் அந்த ஊரே இல்லை. அது உருவாவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் திரையில் நாலு வரி எழுத்து. அதுவரை டேனியல் கிரெய்கும் லீவ் ஷ்ரைபரும் சுடுகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் காதலிகள். வயதான வாத்தியாருக்குச் சதுரங்கமும் தர்க்கமும்.

ஒரு காட்சியில் மட்டும் விஷயத்தைத் தொடுகிறார்கள். சண்டைக்குப் போகிற எங்களுக்குத்தான் கூடுதல் சாப்பாடு என்று ஒருவன் எகிறுகிறான். துவியா அவனைச் சுட்டுவிடுகிறார். தையல்காரரையும் ரொட்டி சுடுகிறவரையும் வேலையில் காட்டியிருந்தால் அவனுக்கு அதுவே பதில். இங்கே அந்தப் பதிலையும் துப்பாக்கிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லரீசா ஷெபிட்கோவின் 'தி அசென்ட்' (1977) படத்தைப் பாருங்கள். அதுவும் பெலாரஸ்தான். பாஸ்யா, செருப்புத் தைப்பவரின் மகள், யூதச் சிறுமி. படத்தின் பிற்பகுதியில்தான் வருகிறாள், வசனமும் கொஞ்சம்தான். எண்ணிப் பார்த்தால் 'டிஃபையன்ஸ்' பக்கத்தில்கூட வராது. கடைசியில் நான்கு பேரைத் தூக்கில் போடுகிறார்கள். அதில் ஆயுதம் எடுத்தவர் சோத்னிகோவ் ஒருவர்தான். மற்றவர்கள் ஒரு ஊர்த்தலைவர், மூன்று குழந்தைகளின் தாய், அப்புறம் பாஸ்யா.